கடைசி சீட்டுக்காரன்

நண்பன் பின்னாலிருந்து என் பையின் வாரைப் பிடித்து இழுக்கிறான். இரண்டு இழுப்பு என்றால் நில், ஒரு இழுப்பு என்றால் நட. பதினோரு வருஷமாக இந்தக் கூத்து. வருஷத்துக்கு ஒரு சனி ஞாயிறு நாங்கள் நாலு பேர் காட்டுக்குப் போகிறோம். பாதையில் கால் வைத்ததும் என்னைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொள்வான். கடைசி ஆளாக, மரங்களை அண்ணாந்து பார்த்தபடி, தோன்றிய இடத்தில் உட்கார்ந்து எழுந்து வர எனக்கும் ஆசை இருக்காதா? "நான் என்ன மாடா, கயிறு போட்டு ஓட்டிக்கிட்டு வர்றே?" என்று கேட்டால், "பேசாம முன்னால பாத்து நட" என்பான். அவ்வளவுதான் பதில். எனக்கு உள்ளே எரியும்.

ஆள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எங்களுக்குள் அவன் பெயர் 'கடைசி சீட்டு'. காலையும் மாலையும் கடைசிப் பிள்ளை இறங்கியதும் எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேனின் கடைசி சீட்டு வரை நடப்பான். ஒவ்வொரு சீட்டுக்கும் அடியில் குனிந்து பார்ப்பான். தொப்பை இடிக்கும், முனகுவான், ஆனாலும் ஒரு சீட்டைக்கூட விடமாட்டான். இருபது வருஷத்தில் கண்டெடுத்தவை: கணக்கில்லாத ஒற்றை ஷூக்கள், காகிதத்தில் மடித்து வைத்த பால்பல் ஒன்று, அட்டைப்பெட்டிக்குள் உயிரோடு ஓர் ஆமை. தூங்கிப்போன பிள்ளைகள் இரண்டு.

"உக்காந்த இடத்துலேருந்தே ஒரு குரல் குடுத்தா ஆகாதா?" என்று எங்கள் கூட்டத்து முடிதிருத்துகிறவன் ஒரு தடவை கேட்டான்.

"தூங்குற புள்ளைக்குக் கூப்பிட்டா கேக்குமா? நாமதான் எழுந்து போய்ப் பாக்கணும்."

கல்யாணமான புதிதில் சினிமா பார்க்கப் போனால், படம் முடிந்ததும் வரிசை முழுக்கக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருவானாம். அவன் மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

காட்டிலும் அதே வியாதி. போவது நாலே பேர்: என் மச்சினன், முடிதிருத்துகிறவன், நான், அவன். நாலு பேருக்கும் எண்ணிக்கை உண்டு. அரை மணிக்கொரு தரம் எல்லாரையும் நிறுத்துவான். முன்னால் போகும் என் மச்சினன் "ஒண்ணு" என்பான், அடுத்தவன் "ரெண்டு" என்பான். என் முறை வந்ததும் வாரில் ஒரு தட்டு, நான் "மூணு". "நாலு" என்று தானே முடித்துக்கொள்வான். "நாலு பேருக்கு வருகைப் பதிவேடு வேறயாண்ணே? நாளைக்கு நான் லீவு லெட்டர் குடுத்துடவா?" என்று மச்சினன் சீண்டுவான். இவன் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டான்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. ராத்திரி தங்கும் மரவீட்டு வாசலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தால் முடிதிருத்துகிறவன் வாய் ஓயாது. கடைக்கு வந்தவர்கள் கதையெல்லாம் வரும். ஒவ்வொரு கதையும் முடிந்ததும், எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் இவன் முடிவை மட்டும் உரக்கத் திருப்பிச் சொல்லுவான். "அட, 'மீசைய மட்டும் வச்சுட்டுப் போ'ன்னுட்டானா!" சொன்னவனுக்கே சலித்துப்போகும். "யோவ், நான் சொன்ன ஜோக்க எனக்கே திருப்பி விக்கிறியா?" என்பான். அதற்கு அப்புறம்தான் நான் சிரிப்பேன்.

என் சங்கதி இது. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது, பக்கத்தில் நின்று பேசினால் உண்டு. இருபத்தாறு வருஷம் தகரப் பட்டறையில் ஏ.சி.க்கான காற்றுக்குழாய்களைச் சுத்தியலால் அடித்ததில் கிடைத்த சம்பாத்தியம். யாரிடமும் சொல்லவில்லை. காது போனவனைப் பட்டறையில் மெஷின் பக்கம் விடமாட்டார்கள். டிவியை அலறவிடுவது என் குணம் என்று வீட்டில் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதால் எனக்குத் திமிர் பிடித்தவன் என்ற பேர். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

இந்த வருஷம், ஞாயிறு காலை. முந்தின நாள் பெய்த மழையில் காடு ஊறிக் கிடந்தது. ஓடைக்கு இறங்கும் சரிவில் பட்டுப்போன மரம் ஒன்று, அதன் அடியில் தட்டுத் தட்டாகக் காளான். தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். வார் இழுபட்டது. ஒன்றுமில்லை, இரண்டுமில்லை, ஒரேயடியாக. மல்லாந்து அவன் மேலேயே விழுந்தேன். திட்ட வாயெடுத்தபோதுதான் பார்த்தேன். நான் குனிந்திருந்த இடத்தில் என் தொடைப் பருமனில் ஒரு கிளை கிடந்தது. காளான் கூழாகியிருந்தது.

முன்னால் போன இருவரும் ஓடிவந்தார்கள். முடிதிருத்துகிறவன் முகத்தில் ரத்தமில்லை. "மேல படபடன்னு முறியுது! தொண்டை கிழியக் கத்துறோம், தொரை காளான் பாத்துக்கிட்டு இருக்காரு!"

"எங்களுக்கே அங்கேருந்து கேட்டுச்சே மாமா! அப்படி என்ன அலட்சியம்?" என்றான் மச்சினன்.

எனக்கு அடியில் கிடந்தவன் மூச்சு வாங்கச் சொன்னான்: "அவனை ஏன்டா வையறீங்க? நான்தான் வாரைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தேன். மொதல்ல இந்த மூட்டைய என் மேலேருந்து தூக்குங்க."

அவன் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஓடையில் கழுவிவிடும்போது நாங்கள் இருவர் மட்டும். வழக்கம்போல என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத தடவையே. இதே ஓடை. பின்னாலேருந்து ஏழெட்டு வாட்டி கூப்பிட்டேன், நீ திரும்பல. சரி, இவனைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல, பக்கத்துலயே போயிடுவோம்னு வந்துட்டேன்."

"கேட்டிருக்கலாமேடா."

"நீ சொல்லாம வச்சிருக்கே. நான் எதுக்குக் கேக்கணும்?"

நெருப்பருகே பதினோரு வருஷம் நான் சிரித்த சிரிப்பெல்லாம் இவன் வாயிலிருந்து வந்தவை. நானோ இவனைத் திட்டாத வருஷமில்லை. கைக்குட்டையைக் கிழித்து முழங்கையில் கட்டினேன்.

"இறுக்காதடா, அது தகரமில்ல" என்றான். கட்டுப்போட்ட கையை மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கை எட்டிச்சு. ரெண்டடி தள்ளி வந்திருந்தா? எனக்கு இருக்கறது ரெண்டே கை. அவனுங்களுக்கும் தெரியணும்."

"மச்சினன் கிட்ட சொன்னா இன்னிக்கே அவன் அக்காவுக்குப் போயிடும்."

"போகட்டும். டிவி சத்தமாவது குறையும்."

"பட்டறைக்குத் தெரிஞ்சா?"

"மொதல்ல இவனுங்க. பட்டறைய அப்புறம் பாத்துக்கலாம். நானும் கூட வரேன்."

எழுந்து பையைத் தோளில் மாட்டினேன்.

மதியம் கிளம்பினோம். அவனுடைய வேன்தான். கடைசி சீட்டு வரை போனான், காயம்பட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தான், ஒரு சீப்பை எடுத்துவந்து முடிதிருத்துகிறவனிடம் கொடுத்தான். ஓட்டும் இடத்தில், என் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். எண்ணிக்கை தொடங்கியது. பின்சீட்டில் ஒன்று, இரண்டு முடிந்திருக்க வேண்டும். தட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

சாவியை உருவினான். என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். பின்சீட்டுப் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினான்.

"சொல்லிட்டு, சாவியக் குடு."