கோழிக்கு வைத்த அன்னாசித் தட்டு

பழத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நான் திமிராக இருந்த காலம் அது. கள்ளக்குறிச்சி மாவட்டமாவதற்கு ரொம்ப முன்னால், பஸ் ஸ்டாண்டில் அத்தா வைத்திருந்த பழக்கடையை நான் நடத்தத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பலாவைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுவேன். பப்பாளியின் காம்பை மோந்தால் அது எந்தக் கிழமை அழுகும் என்று தெரியும். கல்வராயன் மலையிலிருந்து கொய்யாவும் சீத்தாப்பழமும் கூடையில் கொண்டு வருகிறவர்களே என்னிடம் விலை பேச யோசிப்பார்கள். என் மனைவி மட்டும் இதையெல்லாம் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

அவளுக்குக் கோழிதான் உலகம். கொல்லையில் ஏழு நாட்டுக்கோழி வைத்திருந்தாள். உளுந்தூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தவை. அதில் ஒரு புள்ளிக்கோழி அவளுக்கு உயிர். வருஷத்துக்கு மூன்று தடவை அடை உட்காரும். எத்தனை முட்டை வைத்தாலும் ஒன்றைக்கூடக் கூமுட்டையாக விடாது. அதைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் இருக்கும் பெருமையில் பாதிகூட என்னைப் பற்றிப் பேசும்போது இருந்ததில்லை. எனக்கு அந்தக் கோழி மேல் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கல்யாணமான நாலாவது வருஷம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் கூட இருக்க வேண்டும் என்று கிளம்பினாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"கம்பு போடுங்க. தவுடு பெசஞ்சி வைங்க. தண்ணி தெனம் மாத்துங்க. கடையில மிச்சம் மீதி பழத்த எடுத்துக்கினு வந்து போட்டுடாதீங்க."

"ஊருக்கே பழம் குடுக்கறவன் நானு. கோழிக்குக் குடுக்கத் தெரியாதா எனக்கு?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் நகர்ந்துவிட்டது. கடைக்குத் திரும்பி நடக்கும் வழியெல்லாம் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன்.

பத்து நாளில் ஏழு கோழியையும் தேற்றி, தூக்கினால் அவள் கை வலிக்கிற மாதிரி செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். முதல் நாள் பழுத்த பப்பாளி. கோழிகள் சுற்றி நின்று ஒரு கண்ணால் அதைப் பார்த்தன, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தன. ஏழில் ஒன்றான சேவல்தான் முதலில் கொத்தியது. அப்புறம் தோல்கூட மிஞ்சவில்லை. மறுநாள் தர்பூசணி, அதற்கு மறுநாள் வாழைப்பழம். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. பூசணம் பிடித்ததைத் தொடமாட்டேன். ஆப்பிள் என்றால் விதையைத் தோண்டி எடுத்துவிடுவேன். சீத்தாப்பழ விதையைப் பற்றி மலைக்காரர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: "அத அரச்சித் தலைக்குப் போட்டா பேன் சாவும். கண்ணுல பட்டுச்சின்னா கண்ணு போவும்." அதனால் ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சதையை மட்டும் வழித்து வைத்தேன். என் சொந்தப் பிள்ளைக்குக்கூட அப்படி ஊட்டியிருப்பேனா தெரியாது.

நாலாம் நாள், நான் கொல்லைக் கதவைத் திறந்ததுமே ஏழும் இறக்கையை விரித்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தன. என்னைப் பார்த்ததும் ஓடி வந்த ஜீவன்கள் அதுவரை கடன் கேட்பவர்கள் மட்டும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. பஸ் வந்தாலும் ஜன்னலைத் திறக்க ஆளில்லை. எங்கள் பஸ் ஸ்டாண்டில் அன்னாசி விற்பதற்கு ஒரு முறை உண்டு. துண்டு போட்டு, அலுமினியப் பேசினில் கொட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி ஒரு குலுக்குக் குலுக்கித்தான் தட்டில் வைப்போம். உப்பு இல்லாத அன்னாசியைக் கொடுத்தால் சேலம் பஸ்காரர்கள் திருப்பி எறிவார்கள். மதியத்துக்குள் அப்படிக் குலுக்கி வைத்த ஒரு பேசின் அப்படியே தேங்கிவிட்டது. சாப்பிடுகிற பொருளைச் சாக்கடையில் கொட்டுவது பாவம். வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு பெரிய தட்டில் பரப்பி வைத்தேன். கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு இரைப்பை புடைக்கத் தின்றன.

அதோடு விட்டிருந்தால்கூட ஏதோ பிழைத்திருக்கும். என் அறிவு சும்மா இருக்கவில்லை. வெட்டிய பழம் தின்ற வாயோடு தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்று ஒன்பது வருஷமாகக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லி வந்தவன் நான். கோழி தண்ணீர்ச் சட்டிப் பக்கம் போவதைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டேன். அப்புறம் அவற்றைக் கூண்டில் அடைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

மறுநாள் காலை கூண்டைத் திறந்தேன். என்னை நோக்கி ஒன்றும் ஓடி வரவில்லை. எல்லாம் நேராகத் துணி தோய்க்கிற கல்லடியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீருக்குப் போய் விடாமல் குடித்தன. எச்சம் தண்ணீராகப் போனது. புள்ளிக்கோழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்ற இடத்திலேயே தள்ளாடியது. பிறகு, மிளகாய்த்தூள், என்று பொறி தட்டியது. பாவம், காரம் தாங்கவில்லை. காரத்துக்கு மருந்து மோர். சைக்கிளில் பறந்து போய் பஸ் ஸ்டாண்டு மோர்க்கடையில் ஒரு தூக்குவாளி நிறைய வாங்கி வந்தேன். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு எல்லாம் தூக்கலாகப் போட்ட நல்ல மோர். கோழிகள் ஆசையாகக் குடித்தன. வைத்தியம் என் கையிலேயே இருக்கும்போது மாட்டு ஆஸ்பத்திரி எதற்கு என்றுகூட நினைத்தேன்.

பத்து மணிக்குப் புள்ளிக்கோழி படுத்துவிட்டது. திராட்சை வந்த அட்டைப்பெட்டியில் அதை வைத்து மாட்டு ஆஸ்பத்திரிக்கே ஓடினேன். டாக்டர் கோழியைப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன போட்டீங்க?"

"கம்பு சார்."

"கம்பு தின்ன கோழி இப்படி ஆவாது."

"கொஞ்சம் பழம். அன்னாசி."

"வெறும் அன்னாசியா?"

நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். "மெளகாத்தூள் போட்டது சார். காரம் ஜாஸ்தியாயிடுச்சி போல."

"கோழிக்குக் காரமே தெரியாதுய்யா. மெளகாத் தோட்டத்துல விட்டா மொத்தத்தையும் தின்னுட்டுப் போவும். உப்பு போட்டீங்களா?"

"பஸ் ஸ்டாண்டுல எவ்ளோ போடுவாங்களோ அவ்ளோ."

"அப்பறம் தண்ணி குடிச்சிதா?"

"பழம் தின்னா தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சட்டிய கவுத்துட்டேன் சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காலையில ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"மோர்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே மறுபடி இருண்டது. "உப்பு போட்ட மோரா?"

கம்பவுண்டர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கோழிக்குப் பழம் போடலாம், தப்பில்லை, ஆனால் தீனி தின்ற பிறகு ஆளுக்கொரு வாய் கிடைக்கிற அளவு போதும், உப்போ சர்க்கரையோ படக்கூடாது, எது போட்டாலும் பக்கத்தில் பச்சைத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்றார். இப்போதைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வைக்கச் சொன்னார். "இது மட்டும் கஷ்டம்தான்" என்று பெட்டியைக் காட்டினார்.

கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கெல்லாம் கொல்லையிலேயே உட்கார்ந்து ஏழுக்கும் அளந்து அளந்து தண்ணீர் வைத்தேன். சாயங்காலம் புள்ளிக்கோழி தவிர மற்ற ஆறும் தேறிவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "உசுரு இருக்கும்போதே அறுத்துட வேண்டியதுதான? வீணாப் போவுதே." அவர் சொன்னது நடைமுறைக்குச் சரிதான். எனக்குத்தான் கை வரவில்லை. மறுநாள் காலை புள்ளிக்கோழி செத்துக் கிடந்தது. கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். அழுதேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அழுதேன்தான்.

அவள் வந்து, ஏழு என்று எண்ணி, ஆறில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று மறுநாள் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒத்திகை. பருந்து தூக்கிப் போய்விட்டது என்று ஒன்று. ஊரெல்லாம் கோழிக்கழிச்சல் என்று ஒன்று. எலவனாசூர் தாண்டியதும் இரண்டையும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வது, திட்டினால் வாங்கிக்கொள்வது.

மாமியார் கண்ணுக்கு மேல் பச்சைத் துணி தொங்க, வாசலறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"ஏம்மா, யாரு வந்துகிறாங்க பாரு. ஒரு வாரம் வுட்டுட்டு இருக்க முடியல மாப்ளைக்கி. ஒத்தக் கண்ணால பாத்தாலே தெரியிது, பாதியா எளச்சிட்டாரு."

நாலு வருஷத்தில் அவள் அம்மா வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஒரு தடவைகூட நான் போய்ப் பார்த்ததில்லை. கடையை யார் பார்ப்பது என்று ஒரே பதில் வைத்திருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வந்த காரணத்தை அப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்குள் மாமனார் கொல்லைப் பக்கம் போய்விட்டார். எங்கள் முஸ்லிம் வீடுகளில் மேய்கிற கோழியைப் பிடித்த கையோடு அறுப்பதில்லை. மூன்று நாள் அடைத்து வைத்து, சுத்தமான தீனி போட்டுப் பிறகுதான் அறுப்போம். வெள்ளிக்கிழமைக்காக அப்படி அடைத்து வைத்திருந்த கோழி ஒன்று கூடைக்குள் இருந்தது. "மாப்ள வந்த நாளுதான் நமக்கு வெள்ளிக்கிழம" என்று கூடையைத் தூக்கினார். வேண்டாம் மாமா, வேண்டவே வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். கூச்சப்படுகிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

மதியம் தட்டில் தொடைக்கறி கிடந்தது. என்னால் அதைத் தொட முடியவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவள் இன்னொரு கரண்டிக் குழம்போடு குனிந்தாள்.

"இன்னா, சாப்ட மாட்டேங்கிறீங்க?"

"புள்ளிக்கோழி செத்துப்போச்சி. உப்பு போட்ட அன்னாசிய நான்தான் போட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. பிறகு குழம்பைச் சட்டியிலேயே ஊற்றிவிட்டுக் கேட்டாள். "அதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் பையோடு வந்து, அவருக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டமாக இருக்கிறதாம், நான் இப்போதே கிளம்புகிறேன், துணைக்குத் தங்கச்சியை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். மாமியாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மிச்சமிருந்த ஆறு கோழியை என்னிடமிருந்து காப்பாற்றத்தான் வருகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ் தியாகதுருகம் தாண்டியது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"கோழி செத்தத அம்மாகிட்ட என்னிக்கும் சொல்லிடாதீங்க. என்னப் பாக்கத்தான் வந்தீங்கன்னே அவங்க நெனச்சிக்கினு இருக்கட்டும்."

சரி என்றேன். அவளைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. அதன் பிறகு அவள் எப்போது உளுந்தூர்பேட்டை போனாலும், மூன்றாம் நாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் போய் நிற்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு தடவைதான் கஷ்டமாக இருந்தது.