கொண்டல் பக்கம் நூறு பாகம்

புன்னக்காயலில் மரிய அந்தோணியைத் தெரியாதவர் எவருமில்லை. தெரியாமல் இருக்க அவர் விடுவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் டாலி கிளார்க்காக, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை ஒன்றுக்கு ஒரு கோடு போடுகிறவராக இருந்தார். நான்கு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே. அந்தக் குறுக்குக் கோட்டில்தான் அவருடைய திறமை முழுவதும் அடங்கியிருந்தது.

ஓய்வு பெற்ற மறுநாளே மாலுமியாகிவிட்டார். தலையில் வெள்ளைத் தொப்பி, வாயில் “நாங்க கடல்ல கெடக்கையில” என்று தொடங்கும் பேச்சு. அவர் கடலில் கிடந்தது ஆயுளில் ஒரே ஒரு காலைப் பொழுது, மைத்துனன் வள்ளத்தில். அன்று அவர் எடுத்த வாந்தியில் முகத்துவாரத்து மீனெல்லாம் வயிறு நிறைந்து, மூன்று நாள் ஒன்றுகூட வலைப்பக்கம் வரவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, இனி கரையிலேயே இருக்கும்படி அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். நம்பாதவர்கள் அவருடைய மனைவி ஃபிளோராவைக் கேட்கலாம். அவள் நான்கு நாள் என்பாள்.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு யோசனை வந்தது. பழைய துறையடித் தெருக்களை வெளியூர்க்காரர்கள் வழிகாட்டி யாருமில்லாமல், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு தாங்களே நடந்து பார்க்க வேண்டும். அந்தத் தாளை அவர் எழுத வேண்டும். எழுதினார். பன்னிரண்டு இடங்கள். அவற்றில் உண்மையில் பழையவை மூன்று. ஐஸ் கொட்டகை ‘தளபதியின் குதிரை லாயம்’ ஆயிற்று. ஃபிளோரா முப்பது வருஷமாகக் கருவாடு காயவைக்கும் களம் ‘முத்து ஏலச் சந்தை’ ஆயிற்று. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பொய்யை மன்னிக்கலாம். நானும் சொல்லுகிறவள்தான். வழி எழுதியதைத்தான் மன்னிக்க முடியாது. வலது, இடது என்று எழுதினால் கரைக்காரன் என்று நினைத்துவிடுவார்களாம். ஆகவே கடல்காரர் பேசுகிறபடி காற்றின் பெயரால் திசையும், கயிறு அளக்கும் பாகக் கணக்கில் தூரமும் எழுதினார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ‘கோயில் முனையிலிருந்து கொண்டல் பக்கம் நூறு பாகம் நடந்தால் பழைய சுங்கச்சாவடி.’

ஃபிளோரா படித்துப் பார்த்தாள். மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் கருவாடு காயும், கிழக்கே கடலிலிருந்து கொண்டல் அடித்தால் ஈரம் கோக்கும். காற்று தெரியாமல் அவள் பிழைக்க முடியாது.

“இந்தாரும், சாவடி இருக்கது கச்சான் பக்கம். கொண்டல் கடல் பக்கம்லா? நீரு எழுதுன மாதிரி போனா சேத்துலதான் போயி நிப்பாவ.”

“ஏட்டி, கருவாட்டுக்காரி எனக்குக் காத்து சொல்லித் தாரியாக்கும்? எத்தனை கப்பலப் பாத்தவன் நான்!”

“பாத்தீரு. ஏறுனீரா?”

அவர் தாளைத் திருத்தவில்லை. நூறு படி அச்சடித்தார்.

திருநெல்வேலியில் பழைய இடங்களைத் தேடி நடக்கும் ஒரு குழு இருக்கிறது. அதை நடத்தும் ஸமீஹா மேலப்பாளையத்துப் பெண். அந்த நூறில் ஒரு தாள் அவள் கைக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பேரோடு வந்து இறங்கினாள். வழி சரியாக இருந்தால் பேருந்து நிறுத்தத்தில் எஃகுப் பலகை வைப்பதாகவும், அடியில் எழுதியவர் பெயரைப் பொறிப்பதாகவும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று போட முடியுமா என்று அந்தோணி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார்.

கூட வரும்படி அழைத்தாள். மறுத்துவிட்டார். “தாளு போதும்மா. நான் கூட வந்தா அதுல என்ன சிறப்பு இருக்கு?” என்று நிறுத்தத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பலகையோடு படம் எடுக்கும்போது எந்தக் கையை எங்கே வைப்பது என்று பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கோயில் முனையில் அஜின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். ஸமீஹா அவனிடம் போனாள்.

“அண்ணாச்சி, கொண்டல் பக்கம்னா எந்தப் பக்கம்?”

“கொண்டக் காத்து வார பக்கம்.”

“இப்ப காத்தே இல்லையே!”

“சாயங்காலம் வாங்க. வரும்.”

அப்புறம் மனமிரங்கிக் கடல் பக்கம் கையைக் காட்டினான். பாகத்தையும் விரித்துக் காட்டினான். ஏழு பேரும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சிறகு உலர்த்தும் நீர்க்காக்கைகள் போல எண்ணிக்கொண்டே தெருவோடு போனார்கள். தொண்ணூற்றிரண்டாவது பாகத்தில் தெரு முடிந்தது. தொண்ணூற்றைந்தில் முன்னால் போன ஹபீப் முகம்மதுக்கு முழங்கால் வரை முகத்துவாரத்துச் சேறு.

திரும்பி வந்தார்கள். அந்தோணி அசையவில்லை. “தாளு சரி. நீங்க நடந்ததுதான் தப்பு.”

“அப்ப நீங்களே தாளைப் பாத்து நடந்து காட்டுங்க அண்ணாச்சி,” என்றாள் ஸமீஹா. “சாவடிக்குப் போய்ச் சேந்துட்டா இந்த வாரமே பலகை.”

பூசை முடிந்து வெளியே வந்த ஊர் முழுவதும் கூடிவிட்டது. கோயில் முனையில் நின்று தாளை உரக்கப் படித்தார்: “கொண்டல் பக்கம் நூறு பாகம்.” படித்துவிட்டு நேராகச் சாவடி இருக்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

“ஓய் கேப்டன்! அது கச்சான்லா வே!” என்று அஜின் கத்தினான். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

அவர் நின்றார். அப்படியே நடந்தால் சாவடி வரும், பலகையும் வரும். ஆனால் காற்றுத் தெரியாத கிளார்க் என்று ஊரே சொல்லும். வேறொரு மனிதர் தலையைச் சொறிந்து, எழுத்தில் பிசகிவிட்டது என்று சொல்லியிருப்பார். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி, கடல் பக்கம் நடந்தார். கையை விரித்து எண்ணினார். தெரு முடிந்தும் எண்ணினார். நூறாவது பாகத்தில் இடுப்பளவுச் சேற்றில் நின்று எங்களைப் பார்த்துச் சொன்னார்:

“சாவடி இங்கனதான் இருந்துச்சு. கடல் கொண்டுட்டுப் போயிட்டு!”

எங்கள் முதுகுக்குப் பின்னால், கோயிலைத் தாண்டி, சாவடி இரண்டு தூணும் ஓட்டைக் கூரையுமாக நின்றுகொண்டிருந்தது.

“பைய ஏறி வாரும். செருப்ப விட்டுராதீரும், புதுசு,” என்றாள் ஃபிளோரா. பிறகு ஸமீஹா பக்கம் திரும்பி, “வாம்மா, காலக் கழுவிட்டுப் போவோம். சோத்தாங்கைப் பக்கம் திரும்பு,” என்றாள். முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு இடத்தையும் காட்டி முடித்துவிட்டாள். லாயத்தை ஐஸ் கொட்டகை என்றும் சந்தையைக் கருவாட்டுக் களம் என்றும் சொன்னாள். அவர்கள் அதைத்தான் அதிகமாகப் படம் எடுத்தார்கள்.

பலகை வந்துவிட்டது. வலது, இடது, அடிக்கணக்கு. அடியில் ‘வழி சொன்னவர்: ஃபிளோரா’ என்று பொறித்திருக்கிறது. தூத்துக்குடிக்குப் போக வேண்டுமானால் மரிய அந்தோணி இப்போது அந்த நிறுத்தத்தில் ஏறுவதில்லை. தொப்பியோடு உப்பளத்து வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, அடுத்த நிறுத்தத்தில் கை காட்டுகிறார். கேட்டால், காலை நடை உடம்புக்கு நல்லது என்கிறார்.