நான்காவது கட்டை

சனிக்கிழமை காலை ஏழு மணி நாற்பது நிமிஷம். இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில் நான் மகளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். நான்காவது கட்டையைப் பல்லிடுக்கில் வைத்தபடி அவள் ஐந்து நிமிஷம் 'ஆ' சொல்ல வேண்டும். நான்கு நிமிஷம் முடிந்திருந்தது. அவள் காதுக்கு முன்னால் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கட்டை அவள் மடியில் விழுந்தது. வாய் மூடவில்லை.

கட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆவூர்ப் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். வீட்டுக்காரருக்கு விவசாயம். மகளுக்கு அப்போது வயது பதினைந்து. திங்கட்கிழமை திருச்சியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர்வதற்காக, அதை நடத்துகிற கன்னியர் மடத்து மதர்கள் முன்னால் அவள் ஆங்கிலம் வாசித்துக் காட்ட வேண்டும். என்னுடைய இருபதாவது வயதில் அதே மாதிரி ஓர் அறையில், பரிசோதனைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இரண்டாவது வரியிலேயே என்னை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. என் மகளை இரண்டாவது வரியில் யாரும் நிறுத்தக்கூடாது என்று நினைத்தேன். ஆறு மாதம் முன்பே அவளுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தும்விட்டேன்.

மெய்யெழுத்துகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவற்றைச் சொல்லும்போது நாக்கோ உதடோ பல்லோ எங்காவது காற்றை மறிக்கும்; மறிக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். உயிரொலிக்கு மறிப்பே கிடையாது. தொண்டையில் எழுந்த குரல் தடையில்லாமல் வெளியே வருகிறது. வாய்க்குள் இருக்கிற வெற்றிடத்தின் வடிவம் மாறுவதால்தான் அது ஒரு நேரம் 'ஈ' ஆகிறது, ஒரு நேரம் 'ஊ' ஆகிறது. ஆகவே எந்த உயிரொலியானாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நாக்கின் எந்தப் பாகம் உயர்கிறது? எவ்வளவு உயர்கிறது? உதடு விரிந்திருக்கிறதா, குவிந்திருக்கிறதா?

தரையில் சாக்பீஸால் ஒரு கோணல் நாற்கட்டம் வரைந்து வைத்திருந்தேன். இடப்பக்கம் வாயின் முன்புறம், வலப்பக்கம் தொண்டைப்புறம். இடது மேல் மூலையில் 'ஸீ' என்கிற ஆங்கிலச் சொல்லின் ஒலி. நாக்கின் முன்பாகம் அண்ணத்தை ஏறக்குறையத் தொடும், உதடு விரியும். வலது மேல் மூலையில் 'டூ'; நாக்கின் பின்பாகம் உயரும், உதடு குவியும். 'பெட்' என்று ஒரு படி இறங்கினால் தாடையும் இறங்கும். இன்னும் இறங்கினால் பூனையைச் சொல்லும் சொல்; நம் எழுத்தில் 'கேட்' என்றாலும் சரியில்லை, 'காட்' என்றாலும் சரியில்லை. அடியில், பின்னால், 'ஃபாதர்'. அங்கே தாடை நன்றாக இறங்கி, நாக்கு பள்ளத்தில் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு புள்ளி. 'அபவுட்' என்பதன் முதல் ஒலி அது. நாக்கு எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் வருவது. என் மகளுக்கு அதுதான் பிடிக்கும். சோம்பேறி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சின்ன எலும்புத் துண்டுகள் கொடுத்தார்கள். முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டால் தாடை அசையாமல் நிற்கும். நாக்கு மட்டும் வேலை செய்து பழகும். எலும்புக்கு எங்கே போவது? ஆசாரியிடம் சொல்லி வேப்பங்கட்டையில் நான்கு துண்டு அறுத்து, இழைத்து வாங்கினேன். மூடிய ஒலிக்கு ஒன்று, பாதி மூடியதற்கு ஒன்று, பாதி திறந்ததற்கு ஒன்று, முழுக்கத் திறந்ததற்கு ஒன்று. நான்காவதற்கு அளவு கேட்டார் ஆசாரி. நான் வாயைத் திறந்து நூல் பிடித்து அளந்து கொடுத்தேன். என் வாயை அளந்தேன். அவளுடையதை அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. "எல்லாரும் வாசலுக்கு நெலை வெப்பாங்க. எங்க டீச்சரம்மா வாய்க்கு நெலை வெக்கிறாங்க" என்பார். அவள் சிரிப்பாள். சிரித்தால் கட்டை விழும். நான் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

அந்தச் சனிக்கிழமை 'ஆ' சொல்லும்போது அவள் நாக்கின் பின்பாகம் கொஞ்சம் எழும்பி எழும்பி வந்தது. கண்ணாடியில் காட்டினேன். கட்டையை வைத்து ஐந்து நிமிஷம் என்றேன். மூன்றாவது நிமிஷத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"கைய எறக்கு. இன்னும் ரெண்டு நிமிஷந்தான்" என்றேன்.

இறக்கிவிட்டாள். அப்படிப்பட்ட பிள்ளை.

கட்டை விழுந்ததும் நான் போட்ட கூச்சலைக் கேட்டு வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தார். ஒரு பார்வை பார்த்தார். கேலி எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். மிஷன் மருந்தகத்து சிஸ்டர் திருச்சிக்குப் போயிருப்பது எங்களுக்குத் தெரியும். குளத்தூருக்குப் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். உலகச் சண்டைக் காலம், டயர் கிடைக்காமல் பின்சக்கரத்தில் பழைய துணியைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிள் அது. அது தெருமுனை திரும்பும்வரை தடதடவென்று கேட்டது.

அவர் போனதும் நான் செய்தது இன்னொரு தப்பு. இரண்டு உள்ளங்கையையும் அவள் மோவாயில் கொடுத்து மேலே தள்ளினேன். அவள் போட்ட சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன். எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. துண்டை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஏதோ சொல்லப் பார்த்தாள். எதைச் சொன்னாலும் 'ஆ'வும் அதற்குப் பக்கத்து ஒலிகளும்தான் வந்தன. 'ஈ' வரவில்லை, தாடை அவ்வளவு கீழே நிற்கும்போது நாக்கு அண்ணத்துக்கு எட்டாது. 'ஊ' வரவில்லை, உதடு குவியாது. இதை நான் மனசுக்குள் வகைப்படுத்திக்கொண்டு நின்றேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நின்றேன். அது மட்டுமில்லை, அவளுடைய 'ஆ' அப்போது மிகச் சுத்தமாக இருந்தது.

சிலேட்டை எடுத்து எழுதினாள்: 'இப்படியே நின்னுடுமா?'

இல்லை என்று எழுதினேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், வாயால் சொல்லியிருக்கலாம். என் குரலை அவள் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டம்மாள் வந்தார். அவருடைய தம்பிக்கு ஒருமுறை கொட்டாவி விட்டு இப்படி ஆனதாம். பக்கத்தில் இருந்தவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாராம், சரியாக உட்கார்ந்துகொண்டதாம். "நீங்க அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க டீச்சர். நான் ஒண்ணே ஒண்ணு விடுறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முந்தானையைச் செருகிக்கொண்டார். நான் திரும்பி நிற்கவும் செய்தேன். அரை நிமிஷம் நின்றிருப்பேன். பின்னால் நெற்குதிர் ஓரமாக ஏதோ உரசியது. என் மகள் குதிருக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்தியிருந்தாள். வேண்டாம் என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, விட்டிருக்கலாமோ என்று வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். ஒரே லோட்டாவை மூன்று தடவை கழுவினேன். சாக்பீஸ் கட்டத்தை ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்ததும் வெள்ளையாக மறுபடி தெரிந்தது.

பத்தரைக்கு, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் ஊதுகிற சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடினேன். விறகுக் கட்டும் கோழிக்கூடையும் இறங்கின. டாக்டர் இல்லை. திங்கட்கிழமை என்பது அதுவரை என் நினைவில் இருந்தது. ரோட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது இல்லை. அவள் வாய் மூடினால் போதும். அவள் எந்த வரியிலும் நிற்கட்டும், யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. செபம் சொல்ல எழுந்தோம். அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நானும் பாதியில் விட்டுவிட்டேன்.

ஒரு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது குதிரைவண்டி வந்து நின்றது. பின்னாலேயே தடதடவென்று சைக்கிள். டாக்டர் குள்ளமான, வயதான மனிதர். உள்ளே வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல யாருக்கும்மா தாடை வெலகியிருக்கு?"

அப்போதுதான் தெரிந்தது, நானும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன் என்று. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவளைத் தாழ்வான முக்காலியில் உட்கார வைத்து, தலையைச் சுவரில் சாயச் சொன்னார். இரண்டு கட்டைவிரலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்தார். மேலே தள்ளவில்லை, கீழே அழுத்தினார். அழுத்தி, பின்னுக்குத் தள்ளினார். காலையில் கேட்ட அதே சத்தம். பல்லோடு பல் சேர்ந்தது. விரல்களை உதறிக்கொண்டு, ஏதாவது சத்தம் கொடு என்று அவளிடம் சொன்னார். அவள் வாயை அதிகம் திறக்காமல், நாக்கை எங்கும் அனுப்பாமல், அந்தச் சோம்பேறி ஒலியைச் சொன்னாள். பிறகு அழுதாள்.

மோவாயிலிருந்து உச்சந்தலைக்குக் கட்டுப்போட்டுவிட்டு, தரையில் கிடந்த நான்காவது கட்டையை எடுத்து எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தன் பல்லில் வைத்துப் பார்த்தார். சரியாகப் போகவில்லை.

"நானும் தெனம் நாப்பது பேரை ஆ சொல்லச் சொல்றவந்தாம்மா" என்றார். "ஒருத்தருக்கும் நெலை வெச்சதில்ல."

வாசலில் என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாள் கஞ்சிதான் என்றார் டாக்டர். பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லி மதர்களுக்குச் சீட்டு எழுதித் தருவதாகவும் சொன்னார். பிறகு என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை அவள் மோவாய்க்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.

"கொட்டாவி வந்தா இப்படித் தாங்கணும். வாய் தெறக்கிற மாதிரி இருந்தா அவ கையத் தூக்குவா. தூக்கின ஒடனே வந்துடணும், என்னம்மா?"