கமிட்டி முன்னால் ஒரு பம்பர்

எனக்கு மாட்டு வண்டி நன்றாகத் தெரியும். அப்பா வீட்டில் மூன்று ஜோடி மாடுகள் நின்றன. பத்து வயதிலேயே நுகத்தடியில் மாடு பூட்டியவள் நான். மோட்டாரும் ஒரு வண்டிதானே என்று நினைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

போருக்கு முந்தைய வருஷங்கள் அவை. ராஜபாளையத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் பிரசவம் பார்க்கும் நர்ஸ். சீமைக்குத் திரும்பிய ஒரு டாக்டரம்மா தன்னுடைய துணிக்கூரை மோட்டாரை எங்களுக்கு விட்டுப் போயிருந்தார். அதை ஓட்டியவர் செட்டியார்பட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன், இந்த வேலையைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை அம்மா என்பார்.

ஒரு நாள் அய்யனார் கோவில் பக்கம் ஒரு தோப்பில் பிரசவம் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பும்போது, ஓடை மணலில் சக்கரங்கள் புதைந்துவிட்டன. தோப்புக்காரர் இரண்டு ஜோடி உழவு மாடுகளை ஓட்டி வந்தார். கயிற்றை எதில் கட்டுவது என்று கேட்டார். மோட்டாரின் முன்னால் குறுக்கே பளபளவென்று ஓடிய பம்பரைக் காட்டினேன்.

"அதுல கட்டக் கூடாதும்மா," என்றார் டிரைவர். "அது முட்டுனாத் தாங்கும், இழுத்தாத் தாங்காது. செத்த நேரம் பொறுங்க, மணலைத் தோண்டி அடியில அச்சுல கட்டிருதேன்."

"வண்டின்னா முன்னாலதான் கட்டணும். எங்க வீட்டுல நான் பாக்காத மாடா, அண்ணாச்சி? கட்டச் சொல்லுங்க."

கட்டினார்கள். மாடுகள் மூச்சைப் பிடித்து இழுத்தன. மோட்டார் அசையவில்லை. பம்பர் மட்டும் நடுவில் வளைந்து, இரண்டு பக்கத் தாங்கிகளும் பிய்ந்து, மாடுகளின் பின்னாலேயே போய்விட்டது. "கயிறு சரியில்லை" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு டிரைவர் சொன்னபடியே அச்சில் கட்டினோம், ஒரே இழுப்பில் மோட்டார் கரையேறியது.

ஆஸ்பத்திரிக் கமிட்டியின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். சாயங்காலமே வந்துவிட்டார். கேள்வி டிரைவரிடம்தான் போனது.

"மணல்ல மாட்டிக்கிட்டு, ஐயா. மாட்டைக் கட்டி இழுக்கும்போது பிஞ்சிட்டு. நான் பாத்திருக்கணும்," என்றார் அவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் கருவிப் பெட்டியோடு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். பெரிய டாக்டரையே வாய்க்கு வாய் பேசுகிற எனக்கு அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புதிய பம்பர்தான் வாங்க வேண்டும் என்றார் செயலாளர். தட்டி நிமிர்த்தியது மறுபடி உடையுமாம், ஆஸ்பத்திரி மோட்டாருக்கு அது கௌரவமும் இல்லையாம். நான் விடவில்லை. "செண்பகத்தோப்புப் பாதையில கல்லும் முள்ளுமாக் கெடக்கு. அங்க போற வண்டிக்கு மினுக்கு எதுக்குங்க? நல்ல கொல்லாசாரி கையில குடுத்தா ஒரே நாளுல நேராயிரும்" என்று அடித்துப் பேசினேன். நான் சொன்ன நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு. புதிது வேண்டுமென்றால் மதராசில் சபையின் தலைமைக்கு எழுத வேண்டும். எழுதினால், எப்படி உடைந்தது, யார் கட்டச் சொன்னது என்று மறுபடி கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பழுதுபார்ப்புக்கு வக்காலத்து வாங்கினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லாசாரியிடம் நானே போனேன். பம்பரைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உலையில வச்சா மினுக்கு போயிரும்மா. வளைவை எடுத்து நேரு நான் தாரேன். எது வேணும்?"

"நேருதான்."

சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிட்டது. பிய்ந்த தாங்கிகளுக்குப் பதிலாகச் சக்கரப் பட்டை இரும்பிலேயே புதிதாக அடித்துக் கொடுத்தார். பார்க்க அங்கங்கே கருத்து, அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. மோட்டாரைச் சபைக் கோயில் வாசலிலேயே நிறுத்தியிருந்தோம். செயலாளர் பம்பரை ஆட்டிப் பார்த்தார், பிடித்து இழுத்தார், கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறியே நின்றார். அது அசையவில்லை.

"நர்ஸம்மா சொன்னது சரிதான். புதுசு வேண்டாம்," என்றார். ஜெயித்தவளைப் போல எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர் தொடர்ந்தார்: "பம்பர் இருக்கட்டும். டிரைவரை மாத்திருவோம். கயித்தை எங்க கட்டணும்னு தெரியாத ஆளு நாளைக்கு நர்ஸம்மாவையே எங்கயாவது கவுத்திருவான்."

எல்லாத் தலைகளும் ஆடின. டிரைவர் கைக்குட்டையால் மோட்டாரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றதைப் பார்த்தேன்.

"கட்டச் சொன்னது நான்," என்றேன். "அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான் கேக்கல."

கமிட்டிக்காரர் ஒருவர், "அப்போ நர்ஸம்மாவையா மாத்த முடியும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பேச்சு அடுத்த காரியத்துக்குப் போய்விட்டது. டிரைவர் தப்பு என்றால் வேலை போகும், என் தப்பு என்றால் சிரிப்பு வரும். அதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஆனாலும் மோட்டாரை நோக்கி நிமிர்ந்துதான் நடந்தேன். நல்ல காரியம் செய்துவிட்டேன், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லிட்டேன், அண்ணாச்சி."

"கேட்டுதும்மா. நீங்க சொல்லுவீயன்னு எனக்குத் தெரியும்." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "வீட்டுலதான் நம்பல. ஒம்பது நாளும் நான் வாசப்படி ஏறுததுக்குள்ள கேட்டுருவா, 'அந்த அம்மா இன்னைக்காவது சொன்னாவளா'ன்னு."

அவர் குரலில் கோபமே இல்லை. நான் வண்டிக்குள் ஏறி, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.