மரக் கேமராவும் ஏலக்காய் கேக்கும்

முகத்தைப் படம் எடுக்கிறவர் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். கேக்கைப் படம் எடுக்கிறவருக்கு அந்த வழியும் கிடையாது. வீட்டில் பலகாரம் செய்து, அதைத் தின்னவிடாமல் எல்லாரையும் நிறுத்திவைத்துப் படம் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே பாதி புரியும்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்காரர் போடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். இருட்டறையில் படம் கழுவுவது என் வேலை. ஒருநாள் ஏலக்காய் மண்டி முதலாளி ஒருவர் வந்தார். வெளியூர் வியாபாரிகளுக்குத் தீபாவளிக்கு அனுப்ப ஒரு அட்டை அடிக்கவேண்டும், அதில் ஏலக்காய் போட்ட கேக்கின் படம் வேண்டும் என்றார். "நான் ஆளைப் படம் எடுக்கிறவன், பலகாரத்தை எப்படி எடுக்க?" என்று இவர் தயங்கினார். திரைக்குப் பின்னாலிருந்து "நான் எடுக்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது. என் குரல்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் கேக்

கேக் சுடத் தெரியாது. படம் எடுக்கவும் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தேன். இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் பரப்பி, அதற்குள் மாவுக் கிண்ணத்தை வைத்து, மூடியின் மேலே தணலைக் கொட்டினேன். மூன்றாவது தடவை கேக் எழும்பி வந்தது. பொன் நிறம். நானே கையைத் தட்டிக்கொண்டேன்.

முற்றத்தில் உச்சி வெயிலில் முக்காலி போட்டு, அதன் மேல் கேக்கை வைத்து எடுத்தேன். அந்தக் காலத்துப் பிலிமில் மஞ்சளும் சிவப்பும் கறுப்பாகத்தான் விழும் என்பது படம் கழுவுகிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசையில் மறந்துபோயிற்று. ஈரப்படத்தைக் கொடியில் மாட்டியதும் இவர் வந்து, தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தார். கேலி செய்யவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. நிஜமாகவே கேட்டார்: "ஏ சொர்ணம், அம்மிக்கல்லை எதுக்குத் தட்டுல வச்சு எடுத்த?"

சிலமலைக் கல்யாணம்

வெயில் ஆகாது, ஜன்னல் ஓரத்து வெளிச்சம்தான் பலகாரத்துக்கு நல்லது என்று இவர் சொல்லிக்கொடுத்தார். கேக்குக்குப் பின்னால் கறுப்பாக ஏதாவது தொங்கினால் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கேமராவுக்குப் பின்னால் நின்று இவர் தலையை மூடிக்கொள்வாரே, அந்தக் கறுப்புத் துணிதான் கைக்குக் கிடைத்தது. அன்று சர்க்கரைப் பாகும் வெண்ணெயும் பூசிய கேக். எடுத்து முடித்ததும் துணியை உதறி மடித்து, பெட்டியில் வைத்துவிட்டேன். உதறியது போதவில்லை.

மறுநாள் சிலமலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்து, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு இவர் துணிக்குள் தலையை விட்டிருக்கிறார். உள்ளே இருந்தது முழுக்கச் சித்தெறும்பு. அசையாதீர்கள் என்று சொன்னவரே குதிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் தாயார் ஓடிவந்து துணியை வாங்கி உதறி, முகர்ந்தும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஏண்ணே, நீங்க படமெடுக்க வந்தீகளா, இல்ல பந்தியில உக்கார வந்தீகளா?"

மலைமேல் பனி

ஜன்னல் ஓரத்தில் எடுத்ததும் தேறவில்லை; போடி வெக்கையில் பூசிய வெண்ணெய் ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. நான் கேமராவைச் சரிபார்த்துத் திரும்புவதற்குள் கேக் குளித்து எழுந்த மாதிரி இருக்கும். "மேல வாங்க, அங்க குளிரும்" என்று முதலாளியே மண்டி ஜீப்பை அனுப்பினார். மலையில் அவருக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட் பங்களாவில் வர்கீஸ் என்ற மலையாளச் சமையல்காரர் இருந்தார். இரும்பு அடுப்பில் அவர் சுட்டு எடுத்த கேக்கைப் பார்த்ததும், என் மணல் சட்டியை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. வெண்ணெய்ப் பூவெல்லாம் பிழிந்தபடியே நிமிர்ந்து நின்றது.

ஜன்னலைத் திறந்து, கேமராவை நிறுத்தி, லென்ஸ் மூடியில் கை வைத்தேன். அங்கே மஞ்ஞு என்கிற பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கேக்கின் மேல் உட்கார்ந்தது. காத்திருந்தோம். விலகியது, மூடியை எடுத்தேன், திரும்ப வந்தது. சாயங்காலம் வரை இதே கதைதான். கீழே வந்து கழுவிப் பார்த்தால் வெள்ளை மேகமும், அடியில் தட்டின் விளிம்பும் இருந்தன. கிளம்பும்போதே வர்கீஸ் சேட்டன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார்: "மோளே, கேக்கு என்ட கையில. மஞ்ஞு தெய்வத்தின்ட கையில."

முதலாளி ருசி பார்த்தது

தீபாவளி நெருங்கிவிட்டது. அட்டை அடிக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. உருகாத வெள்ளையாக என்ன இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இவருடைய சவரச் சோப்பு கண்ணில் பட்டது. கிண்ணத்தில் நுரை பொங்க அடித்து, கரண்டியால் எடுத்துக் கேக்கின் மேல் பூசினேன். எவ்வளவு அழகு! அரை மணி நேரம் அசையாமல் நின்றது.

படத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போன நேரம் பார்த்து முதலாளி வந்திருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கேக்கைப் பார்த்ததும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. நான் வெளியே வந்தபோது ஒரு பெரிய துண்டு அவர் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. "ஐயோ!" என்றேன். அவர் மெதுவாக மென்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கியும்விட்டார். இத்தனை நாள் பாடுபட்டதும் போயிற்று, வீட்டுக்காரருடைய ஸ்டுடியோ பெயரும் போயிற்று என்று நினைத்தேன். முதலாளி தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மனசு நொந்தவராகச் சொன்னார்: "எல்லாஞ் சரிதான், ஏலக்காய் மணமே தெரியலையே!"

பேச்சியம்மாளின் கை

அன்றைக்கே முடிவு செய்தேன், தின்ன முடியாததைத் தட்டில் வைப்பதில்லை என்று. சோப்புப் படத்தை நானே கிழித்துப் போட்டேன். வெண்ணெயும் வேண்டாம், பாகும் வேண்டாம். கேக் படத்தில் கறுப்பாக விழுந்தால் விழட்டும், அதன் மேல் சர்க்கரைப் பொடியைச் சலித்துத் தூவினால் வெள்ளை பளிச்சென்று தெரியுமே! இவ்வளவு நாளும் இது தோன்றாமல் போயிற்று.

மண்டியிலிருந்து நல்ல காயாகப் பொறுக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தாள். ராசிங்காபுரத்துக்காரி, மண்டியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். ஒரு காயைப் பிளந்து காட்டினாள். அந்த விரல்களைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. "அப்படியே கேக் மேல பிடிங்கக்கா, பத்து எண்ணுற வரைக்கும் ஆட்டாதீங்க" என்றேன். கல்லில் செதுக்கின மாதிரி நின்றது கை. முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து அந்தக் கேக்கைத் தின்றோம். அவளுக்கு அதுதான் முதல் கேக்.

படத்தில் கை வந்தால் தங்க வளையல் போட்ட கையாக இருக்கட்டும் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். காயைப் பிளந்திருந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதையே போட்டுருங்க" என்றார். அட்டை அச்சாகி வந்ததும் முதல் அட்டையைப் பேச்சியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் கையையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "என் கையும் படத்துல விழும்னு தெரிஞ்சிருந்தா மஞ்சள் தேச்சுக் கழுவிட்டு வந்துருப்பேனே ஆத்தா!"

யார் எடுத்த படம்

அட்டையின் கீழே ஸ்டுடியோ பெயர்தான் இருந்தது. கடைத்தெருவில் எல்லாரும் இவரைப் பிடித்து, "அண்ணே, என்னமா எடுத்திருக்கீக!" என்றார்கள். இவரும் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வாரம் குழம்பில் உப்பு சரியாக விழவில்லை.

பிறகு ஒருநாள் தேவாரத்திலிருந்து ஒருவர் வந்தார். தன் மகள் கல்யாணத்துப் பலகாரத் தட்டுகளையும் அந்த அட்டையில் உள்ள மாதிரி எடுத்துத் தரவேண்டும் என்று இவரிடம் கேட்டார். நான் உள்ளே படம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் இருட்டறைப் பக்கம் திரும்பினார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அது என் சம்சாரம் எடுத்தது. அவளைக் கேளுங்க, எனக்கு ஆளைத்தான் எடுக்கத் தெரியும்."

அதற்கப்புறம் எத்தனையோ தட்டுகளை எடுத்துவிட்டேன். கேமரா இருக்கிற வீட்டில் கேக் ஆறிப்போய்த்தான் வாய்க்கு வரும் என்பதைத் தவிர இந்தத் தொழிலில் நிச்சயமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.