வெளியார் பட்டியலில் இருந்தவர்

எங்கள் மருத்துவ ஆய்வு நிலையத்தின் பின்பக்கத்தில், செம்பனை மரங்களைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை உண்டு. நிலையத்தின் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு எங்கெங்கே என்னென்ன கட்டுரை வெளியிட்டார்கள், யார் பெயரில் எத்தனை என்று கணினியில் தேடிப் பட்டியல் போடுவது அங்கே என் வேலை. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனாலும் மத்தியான மழையில் அந்தத் தலைப்புகளை வாசித்துக்கொண்டிருந்தால் கண் சொக்கும். கொசு, காய்ச்சல், ஆற்றுத் தண்ணீர், ரத்தம் என்று அவை பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். நானும் பாதி விழிப்பில் அவற்றின் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பேன்.

அப்படிப் போனபோதுதான் அவரைக் கண்டேன். எலிக் காய்ச்சல் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் முதல் ஆளாக ஒரு தமிழர். பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை எழுத்து, அவ்வளவுதான். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வாய்க்கால் தண்ணீரை எடுத்துச் சோதித்திருந்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து தோல் வழியாக அந்தக் கிருமி ஏறுமாம். ஆளை நான் பார்த்ததில்லை. அது வசதியாகப் போயிற்று, நானே ஓர் ஆளை உண்டாக்கிக்கொண்டேன். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். விடியற்காலைப் பனியில் ரப்பர் மரங்களுக்கிடையே சின்னச் சீசாவோடு நடந்துபோவார். நின்று குனிந்து தண்ணீர் மொள்ளுவார், மறுபடி நடப்பார். அவரை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

நிலையத்தின் ஊழியர் பதிவில் அந்தப் பெயர் இல்லை. எங்கோ ஓய்வு பெற்ற பெரிய நிபுணர், நம்மோடு சேர்ந்து எழுதுகிறார் என்று நானே முடிவு கட்டி, அவர் கட்டுரைகளை ‘வெளியார்’ என்ற தலைப்பின் கீழ் தள்ளினேன். எதையும் விட்டுவிடாமல் பார்த்தோம் என்று பெருமை வேறு. பட்டியல் மேலே போய்விட்டது.

யாருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த வருஷம் ஒப்பந்தம் முடிய இருந்தவர்களில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பெம்பானில் வாடகை அறையில் தங்கி, எலிக் காய்ச்சல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் பெயரில் இரண்டே கட்டுரைகள்தான் என்று என் பட்டியல் சொன்னது. இரண்டை வைத்துக்கொண்டு நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் மழையில் நனைந்துகொண்டு என் அறைக்கு வந்தாள். பட்டியலைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத்தான் கோபம் வந்தது, அந்தப் பெரிய மனிதர் மேல். இத்தனை எழுதுகிறவர், கூடவே உழைக்கிற பெண்ணின் பெயரை நாலு கட்டுரையில் முதலில் போட்டால் குறைந்தா போய்விடுவார் என்று பொரிந்து தள்ளினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அவரு எங்கப்பா. இதெல்லாம் நான் எழுதினது.”

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? நம் பெயர், அதற்குப் பின்னால் அப்பா பெயர். வெளிநாட்டு இதழ்களோ கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, பெண்ணின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடுகின்றன. முழுப் பெயரையும் போட்டிருந்த இரண்டு கட்டுரைகள் மட்டும்தான் அவள் பெயரில் நின்றிருந்தன. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அடையாள அட்டையிலும் அப்படித்தான். என் அப்பா பெயரைப் போட்டு, ‘திரு’ என்று அழைத்து எனக்கே கடிதங்கள் வந்திருக்கின்றன. வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாது, சரி. என் புத்தி எங்கே போயிற்று? வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

பேச்சை மாற்றத்தான் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். செலண்டார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாராம். அவள் பதினேழு வயதில், பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு சில நாளிலேயே போய்விட்டார். அது எலிக் காய்ச்சல் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

“பூட்ஸ் போடமாட்டாருக்கா. கால் வேகுதும்பாரு. வெறுங்காலோடதான் வாய்க்கால்ல எறங்குவாரு.”

பனிக்குள் நடந்துகொண்டிருந்த என் ஆள் அப்படியே நின்றுவிட்டார். பூட்ஸ் போட்டுவிட்டது நான்தான். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது என்று விசைப்பலகையைத் துடைத்தேன்.

அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையாக எடுத்து அவள் பெயருக்கு மாற்றினேன். தவறு முழுக்க என்னுடையது என்று மேலே கடிதம் எழுதினேன். பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவழியாக அவள் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் என்னைக் கிளேபாங் கடற்கரைக்கு அழைத்துப்போனாள். ரோட்டோரக் கடையில் தேங்காய் ஷேக் வாங்கிக்கொண்டு கடல் பக்கம் உட்கார்ந்தோம். வெயிலும் காற்றுமாகக் கண் சொக்கியது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இனிமேல் இரண்டு பெயரையும் நடுவில் கோடு போட்டுச் சேர்த்து எழுது, இந்தக் குழப்பமே வராது என்று புத்தி சொன்னேன். அவள் உறிஞ்சுகுழலால் தேங்காய் ஷேக்கைக் கலக்கினாள்.

“வேணாம்க்கா. அப்பா பேரே முன்னால வரட்டும். எண்ணும்போது மட்டும் என் பக்கம் எண்ணிடுங்க லா.”