முதல் வகுப்புச் செருப்பு

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு ஜோடி வெள்ளைத் துணிச் செருப்பு இருக்கிறது. விமானத்தில் முதல் வகுப்பில் வருபவர்களுக்குக் கொடுப்பது. இன்னும் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. துணி எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

தம்பியும் நானும் வளைகுடாவில் ஒரே ஊரில் வேலை பார்த்தோம். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்த தம்பி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். செய்தி கேட்ட அன்றே திருத்தணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எங்கள் அப்பா, நைனா, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மலையேறினார். "அவன் எழுந்து நடக்கிற வரைக்கும் என் காலுக்குச் செருப்பு கெடையாதுப்பா" என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தாராம். நான் விசா அனுப்பி வரவழைத்தபோது அந்த ஊர் வெயிலில் வெறுங்காலோடுதான் வந்து இறங்கினார். தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை. முருகனுக்கு எங்கள் வீட்டு விலாசம் தெரியவில்லை போலிருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் நாளில் கவுன்டரில் இருந்த அதிகாரி எங்கள் காகிதங்களைப் பார்த்தார். பெட்டியில் வருவது யார் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் இருவர் டிக்கெட்டையும் முதல் வகுப்புக்கு மாற்றினார், லவுஞ்சில் போய் உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அத்தனை வருஷம் நாயாய் உழைத்தும் எட்டிப் பார்க்காத இடத்துக்குள் தம்பி செத்துத்தான் எங்களைக் கூட்டிப் போனான்.

லவுஞ்சில் இட்லி முதல் ஐஸ்கிரீம் வரை பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியாது, பெற்றவர் வாயில் பருக்கை படாது. நைனா சோபாவின் நுனியில், தரைவிரிப்பு அழுக்காகிவிடும் என்று பாதங்களைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண் இரண்டு முறை வந்து, "ஐயா, ஜூஸாவது குடிங்க" என்றாள். "இன்னும் எடுக்கலம்மா" என்றார் அவர். அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

விமானத்துக்குள் நுழைந்ததும்தான் நைனா என்ன நினைத்துக்கொண்டு வந்தார் என்பது தெரிந்தது. எங்கள் ஊரில் இறந்தவரைத் தனியே விடுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் வண்டியிலும் உடம்புக்குப் பக்கத்துப் பலகையில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துதான் வருவார்கள். எங்களைத் தனியாகக் கூப்பிட்டு முன்பக்க இடம் கொடுத்ததும், பிள்ளை பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள் என்று நைனா நம்பிவிட்டார். அகலமான சீட்டுகளுக்கு நடுவே சுற்றுமுற்றும் தேடினார்.

"எங்கடா தம்பி?"

"கீழ இருக்கான் நைனா."

"கீழன்னா?"

"லக்கேஜ் வைக்கிற எடத்துல."

"பொட்டிங்க கூடவா? தனியாவா வந்துகினு இருக்கான்?" தன் சீட்டைக் காட்டினார். "இந்த எடத்த அவனுக்குக் குடுக்கச் சொல்லுடா. படுத்துகினு வரட்டும். நான் கீழ போய் உக்காந்துக்கறேன்."

அவரைப் பிடித்து உட்கார வைத்து பெல்ட்டை மாட்டிவிட்டேன். விமானம் மேலே எழும்பி பெல்ட்டைக் கழற்றலாம் என்றதும், நைனா சீட்டை விட்டிறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளங்கையை விரிப்பின்மேல் அழுத்தி வைத்தார். பணிப்பெண் ஓடி வந்து எவ்வளவோ கெஞ்சினாள். பிறகு அவர் வெறுங்காலைப் பார்த்துவிட்டு இந்தச் செருப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "செருப்பு வேணாம்மா" என்றார், தலை நிமிராமல். படுக்கையாக விரியும் சீட்டு அவருக்கு மேலே காலியாகக் கிடந்தது. சென்னை வந்து இறங்கும் நேரத்தில் நான் பிடித்துத் தூக்கும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை. செருப்பை நான்தான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் திரும்பிப் போகவில்லை. இங்கேயே ஆர்.கே.பேட்டை ரோட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். நைனாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து நடந்து பாதத்தில் கொப்புளம், கொப்புளம் புண்ணாகி ஆறவில்லை. இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மெத்தென்ற செருப்பாகப் போடச் சொன்னார்.

போன வாரம் பீரோவைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன்.

"போட்டுக்கோ நைனா. வேண்டுதல் எல்லாம் முடிஞ்சி போச்சி."

நைனா என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"எப்படிடா முடியும்? அவன் இன்னும் எழுந்து நடக்கலயே."

செருப்பை எடுத்துப் பழையபடி பீரோவில் வைத்தேன். நைனா புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.